உள்வாயில் இறைத்த நெல்

டிசம்பர் 15, ஞாயிறு

வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன. காலையில் கரையில் ஏறும்போது முதலில் சத்தம்தான் கேட்டது. வயதானவர்கள் கூட்டமாக உட்கார்ந்து செருமுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பார்த்தேன். வெள்ளைத் தலை, பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. இவை இமயமலையைத் தாண்டி எங்கள் கொன்றைப்பட்டிக் கண்மாய்க்கு வருகின்றன என்று எஸ்தர் டீச்சர் சொன்னபோது வகுப்பில் யாரும் நம்பவில்லை. "எங்க மாமாவே மதுரையத் தாண்டுனதில்ல டீச்சர்" என்றாள் மீனாட்சி.

பள்ளியில் ஒரே ஒரு பைனாகுலர்தான் இருக்கிறது. எங்கள் வீடு கரைக்குக் கீழேயே இருப்பதால் சனி ஞாயிறில் அது என்னிடம் இருக்கும்.

எதிர்ப்பக்கம் தண்ணீர் வற்றி ஈரமாகக் கிடக்கும் கண்மாயின் உள்வாயில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். பையிலிருந்து எடுத்து எடுத்து இறைத்தார்கள், விதைக்கிற மாதிரி. பைனாகுலரைத் திருப்பினேன். அந்த ஆள் ஒரு காலை இழுத்து நடந்தார்.

அப்பா.

போர்வெல் போடுகிற வண்டியில் வேலை பார்த்தபோது குழாய் விழுந்து நசுங்கிய கால் அது. இரண்டு வருடமாக அவருக்கு நிலையான வேலை இல்லை. விடியும் முன்பே எழுந்து போகிறவர் கொல்லைப் பக்கம்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். பறவைகளுக்கு நெல் போடுகிறார்! நான் கையை ஆட்டினேன். அவ்வளவு தூரத்தில் அவருக்குத் தெரியவில்லை.

சாமி மாடத்துச் சின்ன பல்பு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அம்மா விழித்தால் திட்டுவாள்.

டிசம்பர் 16, திங்கள்

எஸ்தர் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சேவுகன் அண்ணனா? அந்தக் காலோடவா?"

"ஆமா டீச்சர். நானே பாத்தேன்."

இந்த வருடம் மழை குறைவு. உள்வாய் வயல்கள் பாதி தரிசு. பறவைகளுக்கு இரை போதாது என்று டீச்சர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "பாருங்க, அழகுநாச்சியோட அப்பா யாருக்கும் சொல்லாம ஒரு நல்ல காரியம் செய்யிறாரு" என்று வகுப்பில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மீனாட்சி மட்டும் காதருகில், "ஏண்டி, உங்க வீட்டுலயே ரேசன் அரிசிதான். நெல்லு எங்கிட்டு இருந்து வருது?" என்றாள்.

பொறாமை.

டிசம்பர் 19, வியாழன்

சாம்பல் கோழி செத்துப்போய்விட்டது. கொடியில் கிடந்த அப்பாவின் துண்டு கீழே விழுந்து, அதன் மடிப்பில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் தலை தொங்கிப்போய்ச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது.

அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள அறுத்துப்புடலாம். நல்ல கோழி."

அப்பா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து இந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. வேலிக்கு அப்பால் ஆழமாகத் தோண்டிப் புதைத்து, மேலே கல்லை வைத்தார்.

"என்னய்யா நீ, மனுசனப் பொதைக்கிற மாதிரி பொதைக்கிற?"

"சீக்குக் கோழிடி. தின்னா வாந்தி பேதி வரும்."

பிறகு கை கழுவினார். சோப்பு, மண், திரும்பவும் சோப்பு. "கல்யாண வீட்டுக்கா போற, இந்தத் தேய்ப்புத் தேய்க்கிற" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

எதிர்ப்பக்க உள்வாய்க்குப் போனேன். இனி போக மாட்டேன்.

ஊசிவால் வாத்துகள் ஈரத்தில் படுத்திருந்தன. தூங்குகின்றன என்று நினைத்து, கலைக்காமல் பையப் பைய நடந்தேன். கிட்டே போனபிறகும் அவை எழவில்லை. ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது, கழுத்தைத் தூக்க முடியவில்லை. தூக்கும், விழும். மடியில் எடுத்து வைத்து, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து ஊட்டினேன். அதன் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது.

அலகு ஓரத்தில் இரண்டு நெல் ஒட்டியிருந்தது. நெல்லில் லேசாகக் கத்திரிப்பூ நிறம். அப்படி ஒரு நிறத்தில் நெல் இருக்குமா? மூக்கில் ஏறுகிற ஒரு நெடி.

நெல் தொண்டையில் சிக்கியிருக்கும். இல்லாவிட்டால் குளிர். இந்த வருடம் குளிர் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சோப்பு, மண், திரும்பவும் சோப்பு.

டிசம்பர் 24, செவ்வாய்

பள்ளி விடுமுறை. அம்மாவோடு விறகு பொறுக்கினேன்.

போகிற வழியில் சோணையா வீடு. பூட்டுத் துருப்பிடித்துவிட்டது. போன வருடம் அவர் கண்மாயில் வலை கட்டி நாமக்கோழி பிடித்தார். கண்மாய்ப் பறவை மேல் கை வைத்தால் ஊர் தள்ளி வைக்கும். அடிக்கவில்லை, திட்டவில்லை. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். கடையில் சாமான் கொடுக்கவில்லை. அவர் மகள் ராக்கு என் பெஞ்சில்தான் உட்காருவாள். குழாயடியில் அவள் குடத்தைத் தூக்கிவிட ஒரு கை வரவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவள் அங்கே பனியன் கம்பெனியில் நூல் வெட்டுகிறாளாம்.

"என்னடி நின்னுட்ட? வெரசா வா" என்றாள் அம்மா.

டிசம்பர் 28, சனி

அப்பா என் முன்னால் வந்து உட்கார்ந்து, பைனாகுலரைக் கையில் எடுத்தார்.

"இதுல எம்புட்டுத் தூரம் தாயி தெரியும்?"

"மடை வரைக்கும்ப்பா."

"அங்கிட்டு உள்வாய்?"

"தெரியாது."

கரைக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். கண்ணில் வைத்து எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாந்தான் தெரியுது" என்றார்.

என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

இருட்டில் ஒரு பைக் வந்தது. அப்பா கொடுத்த சாக்குப் பை அதில் போனது. சாலையோரக் கடைக்காரர்களுக்குக் காடைக்கறி வேண்டுமாம். அப்பா காடை வளர்க்கவில்லை. சாக்கில் போனது கண்மாய்ப் பறவைகள்தான்.

இப்போது எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிடவும் மனமில்லை.

ஜனவரி 3, வெள்ளி

எஸ்தர் டீச்சர் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு கை நெல் கொண்டுவந்து கரையடியில் பறவைகளுக்குப் போடப்போகிறார்கள். முதல் கை நெல்லை அப்பா போட வேண்டுமாம். ஊர்த்தலைவரான அம்பலக்காரர் துண்டு போர்த்துவாராம்.

"அய்யய்யோ, நமக்கெதுக்கு டீச்சர் அதெல்லாம்."

"அண்ணே, நீங்க வரலைன்னா நானே வந்து சைக்கிள்ல ஏத்திட்டுப் போவேன்."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கிட்டக்கூடச் சொல்லல டீச்சர் இந்த மனுசன். ஊரே பேசுது, எனக்குத் தெரியல." அப்பா சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று ஒருவர் எத்தனை தடவை சொல்ல முடியும்? சரி என்றுவிட்டார்.

டீச்சர் போனபிறகு தண்ணீர்த் தொட்டியடியில் அப்பா என்னைப் பிடித்தார். கையைப் பிடிக்கவில்லை. எதிரில் நின்றார், அவ்வளவுதான்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாப்பா."

"என்ன பாத்த?"

"நெல்லு போட்டீங்க."

"அம்புட்டுதான?"

"அம்புட்டுதான்."

"அம்புட்டாவே இருக்கட்டும் தாயி. ஒங்க அம்மா பாவம்."

ஜனவரி 6, திங்கள்

மூன்று நாளாக அப்பா விடிகாலையில் எங்கும் போகவில்லை. கரையில் நின்று பார்த்தேன். எல்லா வாத்தும் நீந்துகின்றன. இத்தோடு விட்டுவிடுவாராக இருக்கும். வெள்ளிக்கிழமை கடந்துவிட்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், நாங்கள் இந்த ஊரிலேயே இருந்துகொள்ளலாம்.

சாமி, வெள்ளிக்கிழமை கடந்துவிட வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

அம்மா நெல் எடுத்துப்போகப் புது ஓலைக் கொட்டான் வாங்கி, விளிம்பில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். அப்பா சந்தைக்குப் போய் வெள்ளை வேட்டி வாங்கி வந்தார்.

"நெல்லுக்கு என்னம்மா செய்யிறது? டீச்சர்ட்டயே வாங்கிக்கிருவோமா?" என்றேன்.

"நீ பேசாம படு. நெல்லுக்கெல்லாம் நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

ஜனவரி 10, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கரையடியில் தார்ப்பாய் விரித்து, பிள்ளைகள் கொண்டுவந்த நெல்லை அதில் குவித்திருந்தார்கள். அம்பலக்காரர் அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார். எஸ்தர் டீச்சர் பேசினார். எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள், வாத்துகள் கிட்டத்திலேயே இருந்தன. அம்மா கடைசியாக வந்தாள். தலையில் பூ, இடுப்பில் கொட்டான்.

"முதல் கை நெல்லு எங்க வீட்டுதா இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்று அப்பா முன்னால் வைத்தாள். பிறகு அவரிடம் தணிந்த குரலில், "மாட்டுக் கொட்டாய்ப் பரண்ல ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதாக்கும்? பறவைக்குன்னே தனியா வச்சிருந்தியே, அதையேதான் எடுத்தாந்தேன்" என்றாள்.

நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் கொட்டானுக்குள் நேராக விழுந்தது. கத்திரிப்பூ நிறம்.

அப்பாவும் பார்த்தார். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை அள்ளினார். அள்ளிய கையை மூடிக்கொண்டு நின்றார்.

"போடுய்யா சேவுகா. வாத்தெல்லாம் ஒன்னயவே பாத்துக்கிட்டு நிக்குது" என்றார் அம்பலக்காரர். கூட்டம் சிரித்தது.

அப்பா போடவில்லை. அதற்குள் டீச்சர், "சின்னப் பிள்ளைகளும் வாங்க, ஆளுக்கு ஒரு கை" என்றார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து கொட்டானுக்குள் கை விட்டார்கள். நான் பாய்ந்து கொட்டானை எட்டி உதைத்தேன். நெல் தார்ப்பாய்க்கு வெளியே சிதறியது.

"ஏய் அழகு! கிறுக்கா பிடிச்சிருக்கு?" டீச்சர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அதோடு முடிந்திருக்கலாம். எல்லோரும் என்னைத் திட்டியிருப்பார்கள், நெல்லைக் கூட்டி அள்ளியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பவானி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையில் நெல் கிடைத்தால் கடித்து அரிசியைத் தின்னாமல் இருக்க மாட்டார்கள்.

"துப்பு! பவானி, துப்பு! அது மருந்து!"

நான் போவதற்குள் அப்பா போய்விட்டார். அவள் தாடையை அழுத்தி, விரலை விட்டு நெல்லைத் தோண்டி எடுத்தார். குடத்துத் தண்ணீரை வாயில் ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்க வைத்தார். "முழுங்குனியா கண்ணு? சொல்லு கண்ணு, முழுங்குனியா?" பவானி அழுதாள். மற்ற பிள்ளைகளின் கையைத் தட்டித் தட்டிவிட்டார்.

"என்ன மருந்துய்யா?" என்றார் அம்பலக்காரர்.

அம்மாதான் பதில் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. "விதை நெல்லா இருக்கும்ங்கய்யா. பூச்சிக்கு மருந்து கலந்து வச்சிருப்பாரு. நான்தான் தெரியாம எடுத்தாந்துட்டேன்."

கூட்டம் மூச்சு விட்டது. நானும் விட்டேன். ஆமாம், விதை நெல். யாருக்கும் வருகிற தவறு.

"எம்மா, கதிரு அறுக்கப் போற நேரத்துல என்ன விதை நெல்லு?" பவானியின் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். "இந்த ஆளு விதைச்சு எத்தன வருசமாச்சு? பிள்ளைக்கு என்ன கொடுத்தீங்கன்னு சொல்லித் தொலைங்க, டாக்டர்ட்ட நான் என்னன்னு சொல்ல?"

அம்பலக்காரர் அப்பாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். "நீதானம்மா மருந்துன்னு கத்துன. நீ சொல்லு. விதை நெல்லா?"

அப்பா என்னைப் பார்த்தார். தொட்டியடியில் பார்த்த அதே பார்வை. ஆமா என்று சொன்னால் போதும். ராக்குவின் குடம் நினைவுக்கு வந்தது. பவானி வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது.

"இல்ல" என்றேன். "பறவைக்கு வச்சது. சாகுறதுக்கு."

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்துத் தார்ப்பாயின் மேல் வைத்தார்.

"பயிர்ப் பூச்சிக்குப் போடுற குருணை மருந்து. டப்பா வீட்டுல இருக்கு" என்றார். "யாராச்சும் பைக்க எடுங்க. டப்பாவ டாக்டர்ட்டக் காட்டணும். நிக்காதீங்க, எடுங்கய்யா!"

ஜனவரி 11, சனி

பவானி பிழைத்துவிட்டாள். ஒரு நெல்கூட உள்ளே போகவில்லை என்று அப்பா சொன்னது சரிதான் போல. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்புவார்களாம்.

நேற்று அப்பாவைப் பிடித்துப்போன வனத்துறையினர் ஜீப்பில் அவரைக் கண்மாய்க்குக் கூட்டிவந்தார்கள், எங்கெங்கே போட்டார் என்று காட்டுவதற்கு. முந்தியே இறைத்ததில் பறவைகள் தின்றது போக இன்னும் ஈரத்தில் கிடக்கிறது. அதை அள்ளி முடிக்கும்வரை ஒரு பறவையும் அங்கே இறங்கக் கூடாது. விரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார் வனக்காப்பாளர்.

பறவைகள் இருக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூடக் கொட்டு அடிப்பதில்லை. பிணம் சத்தமில்லாமல் போகும். இன்று எல்லோரும் தட்டு, தகரம், குடம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆனாலும் அடிக்க யாருக்கும் கை வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நான் முதலில் அடித்தேன்.

வரித்தலை வாத்துகள் ஒரே நேரத்தில் எழுந்தன. தலைக்கு மேலே சுற்றின, திரும்ப இறங்கப் பார்த்தன. நான் அடித்துக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினேன். "போ! போயிரு! போ!" திரும்பவும் சுற்றின. பிறகு எல்லோரும் அடிக்க ஆரம்பித்தார்கள். அவை கிழக்கே போய்ச் சின்னதாகி, பிறகு தெரியவில்லை.

மதியம்வரை மண்ணைச் சுரண்டிச் சாக்கில் போட்டோம். அம்மா எனக்குப் பக்கத்தில் சுரண்டினாள். என்னோடு பேசவில்லை. எங்களோடும் யாரும் பேசவில்லை.

ஜீப்பில் ஏறும் முன் அப்பா என் பக்கம் திரும்பினார். ஏதாவது திட்டுவார் என்று நின்றேன்.

"அங்கிட்டு நாணலுக்குள்ள கொஞ்சம் கெடக்கு தாயி. அத விட்றாதீக" என்றார்.

போய் அதையும் எடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கண்மாயில் தண்ணீர் மட்டும் இருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் ஊர் கூடிப் பேசுமாம். அம்பலக்காரர் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். குழாயடியில் என் குடத்தை நானே தூக்கிக்கொண்டேன். பைனாகுலரை வாங்கிக்கொள்ள எஸ்தர் டீச்சர் வந்தார். என் தலையில் கை வைத்தார்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் கரையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அம்மா வந்து நின்றது தெரிந்தது. மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அந்த வாத்தெல்லாம் எங்கிட்டுப் போயிருக்கும்?"

"பிரண்டைக்குளம் கண்மாய்க்குப் போயிருக்கும்மா. அங்கதான் தண்ணி இருக்கு."

"அந்த ஊரு ஆளுக எப்படி?"

"தெரியலம்மா."

அம்மா கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய் உலையை இறக்கி வைத்துவிட்டு, கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"நட. போயிச் சொல்லிட்டு வந்துருவோம்."

"என்னன்னும்மா சொல்றது?"

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கரைமேல் ஏறி, எனக்கு முன்னால் நடந்தாள்.

"எங்க வீட்டு ஆளு இப்படிப் பண்ணினாருன்னுதான். வேற என்னத்தச் சொல்ல? எங்கிட்டாவது புது ஆளு நெல்லு போட்டா பாத்துக்கங்கன்னு சொல்லணும். நீ அந்த நெல்லோட நெறத்த வெவரமாச் சொல்லு."

பிரண்டைக்குளத்தில் போய்ச் சொன்னேன்.